ஏழாவது விசிலுக்குப் பிறகு

மார்ச் 3, செவ்வாய்

என் மகள் மாயா என் சத்தத்தை மாற்றிவிட்டாள். என்னைக் கேட்காமல்.

கண் போனபின், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை யாரிடமும் போய் நிற்காமல் நானே தட்டித் தட்டிக் கற்றவன். ஒரு வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்ல அதில் ஒரு சத்தம் உண்டு. பத்து சதவீதத்துக்கு ஒரு தடித்த டொக். எண்ணைப் பேச விட்டால் நான் படிப்பதன் மேல் ஏறிப் பேசும், அதனால் டொக்தான் போதும். நேற்று புதுப் பதிப்பு போட்டாள். இப்போது விசில். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மேலே ஏறுகிறது. பழையது இதில் இல்லையாம்.

"அழகா கீதேன்னு வெச்சேன் நைனா."

அழகு யார் கேட்டது?

மார்ச் 6, வெள்ளி

எதிரே கட்டிய புது பிளாக்கில் ஊனமுற்றோருக்குத் தரைத்தளத்தில் வீடு. 20ஆம் தேதிக்குள் மனுவோடு என் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். என் மனைவி ரமாபாய்க்கு மூட்டுவலி. ஏழு மாதமாக இந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை.

ஏற்றினேன். ஏழு விசில். பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்து நிறுத்தினேன். மறுபடியும் ஏழு.

மார்ச் 9, திங்கள்

மாயா பக்கத்தில் நின்று, போகிறது, நிறுத்தாதே என்றாள். எனக்குக் கேட்கவில்லை. தானே ஏற்றித் தருவதாகச் சொன்னாள். என் மனு, நான்தான் போடுவேன். பொய் சொல்கிறாய் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

ஏழு.

மார்ச் 14, சனி

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ரமாபாய் கேட்டாள்: "யோவ், அது கத்திகினுதான் கீது. இன்னாத்துக்கு நிறுத்தற?"

ஒவ்வொரு விசிலுக்கும் என் தோளில் தட்டச் சொன்னேன். ஏழு வரை இருவரும் ஒன்றாக. எட்டாவது தட்டு விழுந்தது. என் காதில் எதுவும் இல்லை. கை தானாகவே போய் நிறுத்திவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

முப்பது வருஷம் கப்பல் வயிற்றில், காதைப் பிளக்கும் சுத்தியல் சத்தத்தில் துரு தட்டினேன். கண் போனபோது காது இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன் — இப்போ இன்னா சொல்றது?

மார்ச் 17, செவ்வாய்

தண்ணீர் லாரி வந்தது. மாயா குடம் குடமாக மேலே தூக்கி வந்தாள். என்னிடம் பேச்சில்லை. எவ்வளவு நிறைந்தது என்று ரமாபாய் கேட்க, டிரம்மைத் தட்டிப் பார்த்துப் பாதி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறைய நிறைய டிரம்மின் சத்தம் ஏறுவதில்லை. இறங்குகிறது. மேலே ஏறும் சத்தம்தான் எனக்குக் கேட்காது, கீழ்ச்சத்தம் நன்றாகவே கேட்கிறது.

மாயாவிடம், டிரம்மைக் காலி செய்து, பத்துப் பங்காக ஊற்றி, ஒவ்வொரு பங்குக்கும் நான் தட்டுவதைப் போனில் பிடிக்கச் சொன்னேன்.

"டிரம்முக்குக் கச்சேரியா நைனா? லாரிக்காரன் சிரிப்பான்."

எட்டு நாளைக்குப் பிறகு பேசினாள். பத்தையும் பிடித்து விசில் இருந்த இடத்தில் வைத்தாள்.

மார்ச் 18, புதன்

ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது, நிறைந்த டிரம்மின் தொம். மனு எண்ணை ஸ்கிரீன் ரீடர் படித்தது. ரமாபாயும் கேட்கட்டும் என்று அதை மறுபடி படிக்க வைத்தேன்.

இனி நடக்க வேண்டியவை.

மென்பொருள்காரர்கள்: ஏறும் சத்தத்தோடு இறங்கும் சத்தமும் வைக்க வேண்டும். கடிதம் நான் எழுதுகிறேன்.

மாயா: டிரம் சத்தத்தை இன்னொரு இடத்திலும் சேமிக்க வேண்டும். எதை மாற்றினாலும் முதலில் கேட்க வேண்டும்.

நான்: பொய் என்றதற்கு அவளிடம் வருத்தம் சொல்ல வேண்டும், இன்றே. திங்கட்கிழமை காது டாக்டர்.

ரமாபாய்: நான் சாக்குச் சொன்னால் தோளில் தட்ட வேண்டும்.