பாகு வாசம்

வெல்லக்கட்டி,

இன்றைக்குப் பெரிய மார்க்கெட்டில் பொரி உருண்டை போடுகிறவர் கடையில் பாகு கொஞ்சம் தீய்ந்துவிட்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வாங்கிய கீரையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். "இன்னாம்மா ஆச்சு?" என்றார் ஆட்டோக்காரர். என்னத்தைச் சொல்வது? என் மகள் வாசம் என்று சொல்ல முடியுமா?

பேர் வைக்கிற நாள் வரை நீ தங்கவில்லை. பிறந்த நாலாம் நாள் நீ நனைத்த துணியை மாற்றும்போது இதே வாசம் வந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "வெல்லக்கட்டியப் பெத்து வச்சிருக்க" என்று சிரித்தார். அதுவே உன் பேராயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் துணியை நீட்டிப் பெருமையடித்தேன், பைத்தியக்காரி.

மறுநாள் நீ பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அழவும் இல்லை. சாதுவான பிள்ளை என்றார்கள். நான் விடவில்லை. கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிப் புகட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" தாய்மாமன்தான் என்றேன். "மூத்திரத்துல பாகு வாசம் வருதா?" ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உன் குதிகாலில் குத்தி, ஒரு தடித்த காகிதத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வர இரண்டு நாள் இருக்கும்போதே நீ போய்விட்டாய்.

பாலில் இருக்கும் சத்து உன் உடம்புக்குச் சேராதாம், அதுவே விஷமாகிவிட்டதாம். பிறந்த கையோடு அந்த ரத்தத்தை எடுத்திருந்தால் வேறு பால் கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். "இத எல்லாக் குழந்தைக்கும் எடுக்கறதில்லம்மா" என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அவளும் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். பார்க்கப் போன இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. நனைந்த துணியை எடுத்து மோந்துவிட்டேன். "எதுக்கும் குதிகால் ரத்தம் எடுத்துடும்மா" என்றேன். "எம்புள்ள நல்லாத்தாங்க்கா இருக்கு" என்று குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் என் விரலில் அந்த வாடை இருந்தது. நெடுநேரம் கை கழுவவில்லை. வெறும் மூத்திர நாத்தம். அந்த நாத்தம் உனக்கும் அடித்திருக்கக் கூடாதா, கண்ணு.