இடது தோளில் தொங்கிய பொத்தான்

அண்ணே, என் பிரியமான அண்ணே,

அன்றைக்குத் தண்ணீருக்குள் உன் இடது கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது? எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் இன்று மதியம் வரை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன்னோடு கடலில் இறங்கிய லிம் சொன்னதை அப்படியே நம்பினோம். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நீ இடது கையால் இடது நெஞ்சைப் பிடித்தாய். அடுத்த கணம் விர்ரென்று மேலே போய்விட்டாய். அவன் மெதுவாக ஏறி வந்து பார்த்தபோது அசைவில்லாமல் மிதந்துகொண்டிருந்தாய். மருத்துவர் இதயம் என்று எழுதினார். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. எதற்கும் ஆதாரம் கேட்கும் நான்கூடக் கேட்கவில்லை. உன் டைவிங் சாமான் பையைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒன்றரை வருடமாக அது உன் கிள்ளான் வீட்டு ஸ்டோர் ரூமில்தான் கிடந்தது.

உன் சாவுக்கு எனக்கென்று ஒரு காரணம் வைத்திருந்தேன், உன் விங். அது நமக்குள் நடந்த பழைய சண்டை, உனக்கு நினைவிருக்கும். முதுகில் தகடு, தகட்டுக்கும் மூச்சுக் காற்று டாங்குக்கும் நடுவில் காற்றடைக்கும் அந்தப் பை. நீ எடுத்து வந்தது இரட்டை டாங்க் கட்டுகிறவர்களுக்கானது, இருபத்தைந்து கிலோவைத் தூக்கக்கூடியது. உன் முதுகில் இருந்ததோ ஒரே ஒரு டாங்க்.

"பெருசா இருந்தா பாதுகாப்புதானே லா?" என்றாய்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நிறைந்த டாங்கிலுள்ள காற்றின் எடை இரண்டு கிலோ சொச்சம். நம் வெதுவெதுப்பான கடலுக்கு மெல்லிய உடை போதும். ஆழத்தில் அது இழக்கும் மிதப்பு இன்னும் இரண்டு கிலோ. மேலே வந்ததும் தலை தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும், சாதனத்தைக் கழற்றினால் அது தானாக மிதக்க வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் பதின்மூன்று கிலோ தாராளம். அகலமான விங் ஒற்றை டாங்கை இரண்டு பக்கமும் சுற்றி மடங்கிக்கொள்ளும், காற்று மடிப்பில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் வெளியேறாது என்றேன். "நீ எட்டு தடவைதான் இறங்கியிருக்க, எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்று சிரித்தாய்.

நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து உன்மேல் கோபமாக இருந்தேன். நெஞ்சு வலித்த நேரத்தில் அந்தப் பெரிய விங் உன்னை மெதுவாக ஏற விடவில்லை, சொன்னேனே கேட்டாயா என்று. ஒன்றரை வருடம் அந்தக் கோபத்தின்மேல் சாய்ந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

உனக்கு ஒரு செய்தி. உன் மகள் யாழினி டைவிங் படித்து முடித்துவிட்டாள். உன் சாதனத்தோடுதான் கடலில் இறங்குவேன் என்று அடம். அண்ணி மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தை சரின்னா சரி" என்று என் தலையில் கட்டிவிட்டார். அப்பாவின் தகடு இருக்கட்டும், விங் மட்டும் புதிதாக வாங்கலாம் என்று நான் பேரம் பேசினேன். போன வாரம் கிள்ளானிலிருந்து எடுத்து வந்த உன் பையை இன்று காலை தூக்கிக்கொண்டு பங்சாருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.

கடைக்காரன் முப்பத்தைந்து வயதுப் பையன், பெயர் தினேஷ். அண்ணனுடையது, இனி அவர் மகளுக்கு என்று மட்டும் சொன்னேன். உன் விங்கை மேசையில் விரித்துப் பார்த்தான். "இவ்ளோ பெருசா? ஒரு டாங்குக்கா? அங்கிள் கப்பலையா தூக்கப் போனாரு?" என்றான். எனக்குள் அந்தப் பழைய திருப்தி எட்டிப் பார்த்தது. பிறகு இடது தோள் வழியாக நெஞ்சுக்கு இறங்கும் நெளிகுழாயை எடுத்து, அதன் நுனியில் இருந்த காற்றேற்றும் பொத்தானை அழுத்தினான். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை.

"ஒட்டிக்கிச்சு, அக்கா. உப்பா இருக்கும்."

திருகிக் கழற்றினான். நகத்தால் சுரண்டினான். வெளிர்மஞ்சளாய் ஒரு பொருக்கு விழுந்தது, அதன் ஓரத்தில் சிவப்பு. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான்.

"அக்கா, இது சந்தனம் லா! நம்ம ஆளுங்க மட்டும்தான் இப்படி. போன வருசம் ஒரு அங்கிள் மூச்சு விடுற ரெகுலேட்டர்ல எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டாந்தாரு. கேட்டா, கடல்ல திருஷ்டியாம்!"

நானும் சிரித்தேன், அண்ணே. உண்மையாகவே சிரித்தேன்.

"இது ஒட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"காத்து ஏறிக்கிட்டே இருக்கும். ஆளை அப்படியே மேல தூக்கிட்டுப் போயிடும், அவ்ளோ வேகத்தை நுரையீரல் தாங்காது. உடனே இங்க பிடிச்சு காத்து வர்ற ஹோஸைக் கழட்டணும். பார்த்துக்குங்க, இப்படி." சொல்லிக்கொண்டே அவன் இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் இறுக்கிப் பிடித்தான்.

உன் சாவு வீட்டில் லிம் செய்து காட்டியது அதே கை, அதே இடம்.

என் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. "அக்கா, தண்ணி குடிங்க" என்று அவன் சொன்னது கேட்டது. பாப்பாவுக்கு எந்த விங் என்று கேட்டான். ஒற்றை டாங்க், மெல்லிய உடை, இரும்புத் தகடு, குறுகலாக வேண்டும், பதின்மூன்று கிலோ போதும் என்று யாரோ மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அது நான்தான். வாங்கிக்கொண்டு வந்து எல்ஆர்டி நிலையத்தில் உட்கார்ந்தேன். எத்தனை ரயிலை விட்டேன் என்று எண்ணவில்லை.

இதுவரை சொன்னதை அந்தத் தினேஷிடம்கூடச் சொல்லியிருக்கலாம். இனிச் சொல்வதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அந்த ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கிறதா? நீ விங் வாங்கிய வருடம். கார், தையல் மெஷின், யாழினியின் லேப்டாப், பாயின் ஓரத்தில் உன் டைவிங் சாமான்கள். அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். நான் வழக்கம்போல எதிலும் கலந்துகொள்ளாமல், கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பவானி, படிச்சவ நீ சொல்லு. இதுல எங்க பொட்டு வைக்கிறது? எது முக்கியம்?"

"அந்தப் பொத்தான்தான் அண்ணி. அண்ணன் உயிரே அதுலதான் இருக்கு. நல்லா அப்பி வையுங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். அண்ணி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாரேன், சாமி கும்பிடாதவ சாமிக்கு இடம் காட்டுறா" என்று நீ சொன்னாய். அடுத்த வருடமும் அதே இடத்தில் பொட்டு. அதற்கடுத்த வருடமும். அதற்குப் பிறகு நீ இல்லை.

என் வேலை தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பது. இந்தப் பொருக்கு என் மேசைக்கு வந்திருந்தால் என்ன எழுதுவேன்? உப்பு மட்டுமே பொத்தானை ஒட்ட வைத்திருக்கலாம். ஒன்றரை வருடம் பைக்குள் கிடந்ததில் பிறகு இறுகியிருக்கலாம். உண்மையிலேயே உன் இதயம்தான் நின்றிருக்கலாம். முடிவு செய்ய இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த வரியை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! வாங்கிப் போனவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அண்ணியிடம் சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பொருக்கைத் துடைத்தாகிவிட்டது, தினேஷுக்கு நம்மைத் தெரியாது. சொன்னால், தன் கையால் வைத்த பொட்டு என்றுதான் அவர் நினைப்பார், நான் காட்டிய இடம் என்று நினைக்க மாட்டார். ஆனால் சொல்லாமல் அந்தப் புது விங்கை யாழினி கையில் எப்படிக் கொடுப்பேன்?

நாளை கிள்ளான் போகிறேன். சொல்வேன், இடம் காட்டியது நான் என்பதையும் சேர்த்து. இன்னொரு வாக்கும் தருகிறேன். யாழினி தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும் படகில் நான் இருப்பேன். அந்தப் பொத்தானை என் விரலால் அழுத்தி, அது திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் அவள் இறங்குவாள்.

ஞாயிறு மாலை.

காலைக் கம்யூட்டர் ரயிலில் போனேன். யாழினி கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"பொத்தான் ஒட்டுதுன்னு அவரு சொன்னாரு, பவானி. கடைசியாப் போறதுக்கு முன்னால. வெந்நீர்ல கழுவிட்டேன், இப்ப சரியாயிருச்சுன்னாரு. தங்கச்சிகிட்ட சொல்லாதே, அவ விளையாட்டாச் சொன்னது, மனசு கஷ்டப்படுவான்னாரு."

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "நான் மட்டும் எதுக்கு அந்தப் பையைத் திறக்கலன்னு நினைச்ச?" என்றார்.

ஒன்றரை வருடமாக அதை அவர் தனியாக வைத்திருந்திருக்கிறார், அண்ணே. நான் உன்மேல் கோபத்தை வைத்திருந்த அதே ஒன்றரை வருடம்.

யாழினி வந்தாள். புது விங்கை உன் தகட்டில் மாட்டினோம். அண்ணி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். யாழினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வைக்கிறது?" என்று அண்ணி என்னைத்தான் கேட்டார்.

இரும்புத் தகட்டின் நடுவைக் காட்டினேன். அங்கே வைத்தார்.

உன் தங்கை,
பவானி