சட்டைப் பை வைத்த போர்வை

மீர்சாகிப்பேட்டை,
சென்னை.

அன்பு மகள் ரூபீனாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை இனாயத்தும் அந்தக் குளிர் ஊரில் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருப்பீர்கள். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் உன் அம்மி பக்கத்திலிருந்து கேட்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

இறந்துபோனவர்களின் துணிகளை வாங்கிப் போர்வையாகத் தைத்துக் கொடுக்க, அம்மிக்காக நீ ஆன்லைனில் கடை போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதில் சேலத்திலிருந்து விஜயலக்ஷ்மி என்ற பெண் தன் புருஷனின் சட்டைகளை அனுப்பியிருந்தாள். விபத்தில் போய்விட்டானாம், சின்ன வயசு. தூக்கி வைத்துக்கொண்டால் குழந்தை அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே தூங்குமாம். அதைக் கேட்டு உன் அம்மி ஒரு பையை மட்டும் பிரிக்காமல் அப்படியே போர்வையில் வைத்துத் தைத்தாள். நீ சொல்லிக்கொடுத்தபடி பார்சல் கட்டுவதை வீடியோ எடுத்துவிட்டுத்தான் கொரியரில் போட்டேன். டெலிவரி ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தது, ஆனால் பார்சல் அவள் கைக்குப் போகவே இல்லை. தெரு முழுக்க விசாரித்திருக்கிறாள், யாரும் வாங்கவில்லை. கொரியர் ஆபீஸில் இருந்தவன் ரசீதைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, பழைய துணின்னுதானே எழுதிக்கீறே, அதுக்குப் போய் இப்டி அலையிறியே" என்றான். அவனைக் கோபித்து என்ன, வேறு என்னவென்று எழுதுவது என்று எனக்கும்தான் தெரியவில்லை. மாதவரம் பக்கம் அவர்கள் குடோனில் கிழிந்த பார்சல்கள் கிடக்கும், போய்ப் பாருங்கள் என்றான். உன் அம்மி புர்காவோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். யார் யாருடையதோ செருப்பு, மருந்து, பொம்மை எல்லாம் இருந்தன, நம்முடையது இல்லை.

விஜயலக்ஷ்மிக்கு உன் அம்மியே போன் செய்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அந்த வீடியோவையாச்சும் அனுப்பறீங்களாக்கா, பாப்பா பாக்கட்டும்" என்றாளாம். அனுப்பினோம். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது, அதற்குப் பிறகு பேச்சில்லை. அன்றிலிருந்து உன் அம்மி மெஷினைத் திறக்கவில்லை, தொழுகைப் பாயை விட்டு எழுந்திருப்பதும் இல்லை. தென்காசியிலிருந்து ஒருவர் தன் தாயாரின் சேலைகளை அனுப்பியிருக்கிறார், அது பிரிக்காமலே பீரோமேல் கிடக்கிறது. தைக்க மனமில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாமே என்றேன். "எதுல அனுப்புவீங்க" என்று கேட்டாள். நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதற்கு, "வழியில நீங்க தூங்கிட்டா" என்கிறாள்.

கடையை நீ அங்கிருந்தே மூடிவிடு மகளே, எங்களுக்கு மூடத் தெரியவில்லை. அவளிடம் போர்வைப் பேச்சை எடுக்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைக் கொடுக்கட்டும், உங்கள் கையிலிருப்பது எதுவும் கைவிட்டுப் போகாமல் காக்கட்டும். முக்கியமாக ஒன்று, பெருநாளைக்கு வழக்கம்போல் எங்களுக்கு எதுவும் அனுப்பிவிடாதே. வாசலில் யாராவது பார்சல் என்று கூப்பிட்டால் உன் அம்மி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

துஆவுடன்,
உன் அப்பா
அன்வர் பாஷா