ஹாலில் எழுந்த மேடு

செமோர்

அன்பு மகன் தீபனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கையும் சுகம், ஹால் தரையும் போன வியாழக்கிழமை முதல் சுகம். ஆக்லாந்து குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் பரிசத்தை நீ போனில் பார்த்தாய், ஆனால் முகங்களைத்தான் பார்த்தாய், தரையைப் பார்க்கவில்லை. நீ ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த மரப்பலகைத் தரையைச் சிமெண்டுக்கு மேல் போட வந்தவர்கள், சுவரோரம் விரலகலம் இடைவெளி வேண்டும் என்றார்கள். இடைவெளி விட்டால் எறும்பு வரும், ஒட்டிப் போடு என்று அம்மா உத்தரவிட்டாள், போட்டார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய சிமெண்டுத் தரையைக் கழுவியதுபோலவே வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பரிசத்துக்கு நாள் குறித்ததும் வீடு மங்களமாக இருக்கட்டும் என்று தினமும் கழுவினாள். ஊறிய பலகை விரிய இடமில்லாமல், மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய இடமாகப் பார்த்து ஆமை முதுகுபோல் எழுந்துவிட்டது. அம்மா அதன்மேல் அரிசி மூட்டைகளை வைத்தாள், மூட்டைகளும் உயர்ந்தன. அடுத்து என்னை வைத்தாள். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தேன், நாட்டு நடப்பு தெரிந்ததே தவிர தரை இறங்கவில்லை.

உன் தங்கை தினேஸ்வரி கமுந்திங் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பதை, ஆபீஸ் வேலை என்றுதான் அம்மா ஆயர் தாவாரில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஷர்வினுக்கு உண்மை தெரியும், அவன் அம்மா குமுதாவுக்குத் தெரியாது. தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று அம்மாவுக்கு நடுக்கம். தங்கை லீவு போட்டு வந்து தரையைப் பார்த்தாள். "இது பலகைம்மா, எருமை இல்ல, தினமும் குளிப்பாட்டுறதுக்கு" என்றாள். சுவரோரக் கட்டைகளைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடியில் சிமெண்டு ஈரமாகக் கிடந்தது. காற்றாடிகளை ஓடவிட்டு, சிமெண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். மறுநாள் அதன் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். மறுபடி காற்றாடி, மறுபடி டேப். அது காயாமல் ஒரு பலகையும் வைக்க மாட்டேன் என்றாள். "அப்ப சம்பந்தி வீட்டுக்காரங்க சிமெண்டுலயா உக்காருவாங்க" என்று அம்மா அழுதாள். "உக்காரட்டுமே, நாங்க உக்காந்துதானே வளந்தோம்" என்றாள் உன் தங்கை.

வியாழக்கிழமை பிளாஸ்டிக் காய்ந்திருந்தது. சிமெண்டு முழுக்க பிளாஸ்டிக் விரித்து, வீங்கிப் பிளந்தவற்றுக்குப் பதிலாக ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த பலகைகளை எடுத்து, சுவரோரம் இடைவெளி விட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியும் முழங்கால் பட்டையுமாக, தலையெல்லாம் மரத்தூள். அந்த நேரம் பார்த்து, ரவிக்கை அளவு கேட்டுக் குமுதா சொல்லாமல் வந்து வாசலில் நின்றார். ஆள் வரவில்லை, அதனால் பிள்ளை சும்மா தொட்டுப் பார்க்கிறாள் என்று அம்மா சமாளித்தாள். தங்கை மெஷினை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினாள். "சும்மா இல்ல அத்த. ஃபேக்டரியில எனக்கு மெஷின் வேலை. ஆபீஸ் இல்ல" என்றாள். அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். நீ பட்டம் வாங்கியபோது மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். அன்றைக்கும் தட்டியிருப்பேன், இரண்டு கையிலும் பலகை இருந்தது.

குமுதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு குத்தவைத்து, பலகையின் மறுமுனையைப் பிடித்தார். "நான் புடிச்சிக்கிறேன், நீ தட்டுலா. கோணையா போச்சுன்னா ஞாயித்துக்கெழம நான்தான் அதுல உக்காரணும்" என்றார். ரவிக்கை அளவை இருவருமே மறந்துவிட்டார்கள்.

அம்மா இப்போது பிழிந்த துணியால் துடைக்கிறாள். தினமும் சுவரோரம் குனிந்து பார்க்கிறாள். எறும்பு இதுவரை வரவில்லை, அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

உனக்கு எல்லாக் குறையும் நீங்கி ஆயுளும் நிம்மதியும் பெருகட்டும். கல்யாணத்துக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. வந்தால் ஹாலில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம், நடுவில் மட்டும் முடியாது. தான் பிடித்துக் கொடுத்த அந்தப் பலகையில் ஞாயிறன்று குமுதா வேறு யாரையும் உட்கார விடவில்லை.

உன் அப்பா,
தனேஸ்வரன்