தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும் மாப்பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. இன்று மேனேஜருக்குப் புது ஞானம். எல்லார் பிரவுசரிலும் எக்ஸ்டென்ஷன் குப்பை சேர்ந்துவிட்டதாம். தள்ளுபடி தேடித் தருவது, மழை வருமா என்று சொல்வது, இப்படிக் கண்ட கண்ட ஒட்டுவால்கள். அத்தனையையும் ஒரு ஏஐ ஏஜென்ட்டை விட்டு நீக்க வேண்டுமாம். "முதல்ல உங்க கணினி, அடுத்தது பக்கத்து மேஜை. நாமதானே முன்மாதிரியா இருக்கணும்?"

நாமாம்! அவர் கணினி பட்டியலில் கடைசி.

மார்ச் 4, புதன்

ஏஜென்ட்டை நிறுவினேன். என்ன பணிவு! எதைச் சொன்னாலும் "நிச்சயமாக" என்கிறது. பக்கத்து மேஜையில் கணக்குப் பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "புது மாப்பிள்ளை மாதிரி குழையுதே" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

"உங்கள் கணினியில் உள்ளவற்றை நீக்குகி—" என்று எழுதியது. அதோடு சரி. பேச்சு மூச்சு இல்லை.

நோண்டிப் பார்த்தால், மாப்பிள்ளையே என் பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷனாகத்தான் உட்கார்ந்திருக்கிறது; அங்கிருந்துதான் மற்ற கணினிகளுக்கும் போகுமாம். எல்லாவற்றையும் நீக்கு என்றதும் முதல் வேலையாகத் தன்னையே நீக்கிக்கொண்டது. உட்கார்ந்த கிளையை வெட்டியவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். "நிச்சயமாக" என்று சொல்லிவிட்டு வெட்டுவதை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

மறுபடி நிறுவினேன். "வணக்கம்! நேற்று நின்ற வேலையைத் தொடர்கி—" போயிற்று.

அதற்கு மட்டும் விதிவிலக்கு தாருங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." அது ஆளே இல்லையே சார் என்றேன். "அப்ப முடியாதுன்னு சொல்றது இன்னும் சுலபம்."

சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

"அந்த மாப்பிள்ளை என் கணினிக்கு எப்ப வரும்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். குரலே சரியில்லை.

அவருக்குக் கண்ணில் புரையாம். மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை. அதுவரை எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பில் மஞ்சளாகக் காட்டும் ஓர் எக்ஸ்டென்ஷன்தான் அவருக்குக் கண். அது போனால் மூன்று எது, எட்டு எது என்றே தெரியாது.

"ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம்டீ. கண்ணு தெரியலன்னா என்னை வெச்சுப்பாங்களா? யார்கிட்டயும் மூச்சு விடாத." அழுதேவிட்டார்.

என் மேஜையைத் தாண்டினால் அடுத்தது அக்காதான். என்ன செய்வேன்? மாப்பிள்ளை எப்போது தாண்டும்— அட, அதுதான் தாண்டவே தாண்டாதே!

மார்ச் 10, செவ்வாய்

நிறுவினேன். நீங்கியது. நிம்மதி.

மார்ச் 17, செவ்வாய்

"அந்த வேலை என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர். "தினமும் நடக்குது சார்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

மார்ச் 20, வெள்ளி

குண்டைத் தூக்கிப் போட்டார் மேனேஜர். "யோசிச்சேன், அந்த ஏஜென்ட்டுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துடலாம்." இதை அன்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே சார். நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

தான் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்டதில் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட். கொள்கைன்னா கொள்கைதான்."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "தினமும் ஒருத்தனை வேலைக்கு எடுத்து அன்னிக்கே அனுப்பறதுக்கா உனக்குச் சம்பளம்?" ஆமாம், அதற்குத்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

கண் சிகிச்சை முடிந்து அக்கா வந்துவிட்டார்! ஒப்பந்தத்திலும் கையெழுத்தாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு: "ஏய், உனக்கு இவ்வளவு நரையா!" இந்தக் கண்ணுக்காகவா நான் இத்தனை பாடுபட்டேன்? ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மஞ்சள் எழுத்து எக்ஸ்டென்ஷனை அவரே தன் கையால் நீக்கினார்.

நேரே மேனேஜரிடம் போனேன். "இத்தனை நாள் முன்மாதிரியா இருந்துட்டேன் சார். என் கணினியைக் கடைசியில போட்டுக்கவா?" "வரிசைதானே, மாத்திக்குங்க."

மாப்பிள்ளை இன்றுதான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்தது. மளமளவென்று வேலை நடந்தது. மதியம் மேனேஜர் அறைக்கதவு படாரென்று திறந்தது. "என் பூனை எங்க?" அவர் திரையில் ஒரு பூனை குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்குமாம்.

"யாருக்கும் விதிவிலக்கு கிடையாதே சார்."

கடைசியாக என் கணினி. "உங்களுடன் பணியாற்றியதில் மகிழ்ச்சி. விடைபெறுகி—"

என்னவோ மாதிரி இருந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் வந்ததும் பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையை நிறுவிவிட்டேன். "வணக்கம்! இன்று நான் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதியது. "சும்மா இரு" என்று தட்டினேன். "நிச்சயமாக" என்றது.

தன் மேஜையில் இருந்தபடியே அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.