47-ஆம் பெட்டியின் உட்பக்கக் கைப்பிடி

மார்ச் 6, புதன்

பிக்கர்ஸ்கில் கடிதம் எழுதியிருக்கிறார். பழைய ரயில்களைப் புதுப்பித்து ஓட்டும் எங்கள் சங்கத்தின் தலைவர். ஷெட்டில் என் எதிரில் நின்று டீ குடிக்கிற மனிதர், வாயைத் திறந்து சொல்லாமல் தபாலில் சொல்கிறார். 47-ஆம் பெட்டியில் இரண்டு அறைகளை ஒன்றாக்கி, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்குக் கதவு வைப்பது “1927-இன் மூல வடிவத்துக்குப் புறம்பானது.”

மூல வடிவமாம். நாங்கள் அதைத் தூக்கி வந்தபோது ஒரு பண்ணையில் கோழி அடைத்திருந்தார்கள். ஒன்பது வருடமாகப் புதன்கிழமைதோறும் ஐந்து கிழடுகள் அதன் தேக்குப் பலகையில் எச்சம் சுரண்டினோம். அப்போது ஒருத்தரும் மூல வடிவம் பேசவில்லை.

பெத்தனிக்கு ஏழு வயதிலிருந்து இந்த ரயிலில் இடம், வண்டிக் கடைசியில் சாமான் ஏற்றும் கார்டு வேன்தான். சைக்கிள்கள், நாய்க்கூண்டு, என் மகள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது.

மார்ச் 7

நான்கு பக்கம் பதில் எழுதினேன். பெத்தனி படித்துப் பார்த்தாள். “அப்பா, இதுல பாதி கெட்ட வார்த்தை. மீதி பாதில எழுத்துப்பிழை.” கிழித்தாயிற்று.

மார்ச் 16, சனி

கமிட்டிக் கூட்டம். பிக்கர்ஸ்கில் பெட்டியின் 1927 வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற விஷயத்தை யாரும் அந்தக் குச்சிக்குச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். “1927-ல, முதல் உலக யுத்தத்துல காலு போனவங்க ஊருக்கு ஊரு இருந்தாங்களே, அவங்கல்லாம் எங்க உக்காந்தாங்க?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “கார்டு வேன்ல.”

சிரித்தார்கள். நானும் அரைச் சிரிப்பு சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. ஏன் சிரித்தேன்?

ஓட்டு 11-9. எங்களுக்கு வெற்றி. ஆனால் ஒரு நிபந்தனை: அகலத்தைத் தவிர, உள்ளேயும் வெளியேயும் கதவு அந்த வரைபடத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். “1927-ல செஞ்ச தச்சனே வந்து பார்த்தாலும் ஏமாந்துபோவான்” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். நிபந்தனையைப் பரிசு மாதிரி வாங்கி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 10, புதன்

கதவுச் சட்டம் முடிந்தது. பலகை பொருத்தியாயிற்று. சன்னலை ஏற்றி இறக்கும் தோல் வார் வந்துவிட்டது. எங்கள் ஐவரில் ஒருவனான நார்மன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை பார்த்தான். “யோவ் கிளைவ், எது புதுக்கதவுன்னே தெரியலய்யா.” அவன் வாயிலிருந்து பாராட்டு வருவது ஷெட் கூரை ஒழுகாமல் இருப்பது மாதிரி.

ஏப்ரல் 24

வார்னிஷ், ஏழாவது பூச்சு. முகம் தெரிகிறது. என் முகம் தெரிவது ஒன்றுதான் குறை.

மே 1, புதன்

பெத்தனியைக் கூட்டிப் போனேன். சரிவுப்பலகை வைத்ததும் நாற்காலி இடிக்காமல் உள்ளே போயிற்று. சன்னல் ஓரம் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஐந்து பேரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி இளித்துக்கொண்டு நின்றோம்.

“சரி, இப்ப நான் எப்படி இறங்குறது?” என்றாள்.

பழைய பெட்டிகளில் உள்ளே கைப்பிடி கிடையாது. சன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இந்த ரயிலில் முப்பது வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன், யோசித்ததே இல்லை. அவள் வாரை இழுத்துச் சன்னலை இறக்கினாள். கையை விட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து தோள் வரைக்கும் நீட்டியும் ஒரு சாண் எட்டவில்லை.

“இவ்வளவு நாள் சாதாரண பார்சலா இருந்தேன். இப்ப பாலிஷ் போட்ட பார்சல். அவ்வளவுதானப்பா.”

கோபம் வந்தது. அவள் மேல். ஒன்பது வருஷம் முதுகு ஒடிய உழைச்சிருக்கேன், ஒரு நல்ல வார்த்தை...

மே 2

முட்டாள். கதவே கதவே என்று இரண்டு மாதம் கத்தியவன், திறக்க முடியாத கதவு செய்திருக்கிறேன். பெட்டியை அளந்தேன். நாற்காலியை அளந்தேன். அவள் கையை அளந்தேனா?

மே 4, சனி

உள்ளே ஒரு கைப்பிடி, பித்தளையில், சின்னதாக வைக்கலாமா என்று பிக்கர்ஸ்கில்லிடம் கேட்டேன். “நிபந்தனை நிபந்தனைதான், கிளைவ். கார்டு வந்து திறந்துவிடுவார்.”

“அப்படின்னா நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க சார்.”

அவரால் மறுக்க முடியவில்லை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். சங்கத்தின் பழைய சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து ஏற்றி, கதவைச் சாத்தினேன். எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. நான் டீ போடப் போனேன். சர்க்கரை கலக்குவதற்குள் பின்னாலிருந்து குரல்: “ரொம்ப சுலபமா இருக்கே.” எழுந்து, கையை வெளியே விட்டுத் திறந்து, இறங்கி வந்திருக்கிறார்.

“நீங்க எழுந்துட்டீங்க சார்.”

“ஆமா. ஒரு நிமிஷம்தான்.”

அந்த மனிதருக்குப் புரியவே இல்லை. குவளையைக் கீழே வைத்தேன், மெதுவாக. இல்லாவிட்டால் வேறு எங்கேயாவது வைத்திருப்பேன்.

மே 8, புதன்

துளை போட்டேன். ஏழு பூச்சு வார்னிஷ் வழியாக, தேக்கு வழியாக. நார்மன், “ஓட்டையத் திரும்ப அடைக்க முடியாதுய்யா” என்றான். சொல்லிக்கொண்டே மரத்தூள் சிதறாமல் குவளையைப் பிடித்தான். கைப்பிடி ஒன்றும் அழகில்லை. ஒரு பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவில் பொருத்தலாம். திரும்புகிறது, அது போதும்.

மே 11

கடிதம், மறுபடியும். என்னைப் பெட்டிப் பராமரிப்புக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஷெட் சாவியைத் திருப்பித் தர வேண்டும். கைப்பிடியைப் பற்றி ஒரு வரி: கழற்றினால் ஓட்டை தெரியும் என்பதால் “தற்காலிகமாக” இருக்கட்டுமாம். இவர்கள் அகராதியில் தற்காலிகம் என்றால் நாற்பது வருடம்.

மே 15, புதன்

வீட்டில் இருந்தேன். சமையலறைக் கதவைக் கழற்றி மாட்டினேன். அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

மே 27, திங்கள்

47-ஆம் பெட்டியின் முதல் ஓட்டம். விடுமுறை நாள், கூட்டம். பெத்தனி தனியாகத்தான் போவேன் என்றாள். நான் கடைசி ஸ்டேஷனுக்குக் காரில் முன்னாலேயே போய், அவளுடைய கம்பளிச் சட்டையும் பிளாஸ்க்கும் பன்றிக்கறி ரொட்டியுமாக நின்றேன்.

வண்டி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அகலக் கதவு திறக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே ஆளில்லை.

கார்டு பெண்மணி சிரித்தாள். “உங்க பொண்ணு நடுவுல, கிரிம்பிள் ஸ்டேஷன்லயே இறங்கிடுச்சு. கதவத் தொறந்துட்டு, ‘பலகை கொண்டாங்க’ன்னு என்னை அதட்டுது. அங்க சிநேகிதங்க நின்னாங்க.”

என்னிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் கேட்டால், “அடுத்த வண்டில வரேன், நீ போ” என்கிறாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி இரண்டையும் நானே தின்றேன். அடுத்த வண்டியில் அவள் வரவில்லை. அதற்கடுத்ததில் வந்தாள். வண்டி நின்றது, அந்த அசிங்கமான கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.