உங்கள் முகம் அச்சிட்ட பனியன்

வக்கீலம்மா,

இன்று காலை செக்கிங் மேசையில் என் முன்னால் உங்கள் முகம் வந்து விழுந்தது. ஒன்றல்ல, கட்டுக் கட்டாக. சூடு ஆறாத வெள்ளைப் பனியன்கள்; பிரிண்டிங் மையின் வாடை தொண்டை வரை இறங்கியது. உங்கள் படத்துக்குக் கீழே 'நீதியின் தாய்க்கு அஞ்சலி'. அதற்கும் கீழே, உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில், எங்களுக்கு இந்த ஆர்டரைக் கொடுத்த அந்த முதலாளியின் கம்பெனிப் பெயர்.

எந்த முதலாளி என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய காண்ட்ராக்டர், லீவு கேட்ட என் அக்காவை இரும்பு ஸ்கேலால் அடித்துத் தோள் எலும்பை உடைத்தான். அக்காவுக்குச் சோறு கொண்டுபோன நான் மட்டும்தான் பார்த்தேன். "படியில விழுந்துட்டாளுங்க" என்று கோர்ட்டில் கூசாமல் சொன்னாரே அந்த முதலாளி, அவர்தான் இன்று உங்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்.

அரசு வக்கீலாக அந்த வழக்கை நீங்கள்தான் நடத்தினீர்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் பார்த்தால் என் குரல் எனக்கே கேட்காது. கோர்ட் வராந்தாவில் என் தாவணியைச் சரி செய்தபடி சொன்னீர்கள்: "கண்ணு, யார் மூஞ்சியும் பாக்க வேண்டாம். அந்தக் கடைசிச் சுவத்துல கடியாரம் மாட்டியிருக்குது பாரு, அதுக்குச் சொல்லு. அதுக்குக் கேக்கோணும், அவ்வளவுதான்."

கடிகாரத்துக்குச் சொன்னேன். காண்ட்ராக்டர் ஜெயிலுக்குப் போனான். தீர்ப்பு முடிந்து கோர்ட்டுக்கு வெளியே நாம் வந்ததும் முதலாளி பல்லெல்லாம் தெரிய உங்களைக் கும்பிட்டார். "கும்புடறதயெல்லாம் கோயல்ல வெச்சுக்குங்க" என்றீர்கள், நடையை நிறுத்தாமலே. நின்று திட்டுமளவுக்குக்கூட அவரை நீங்கள் மதிக்கவில்லை.

பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் காதோரம் ஓட்டை. அடுத்ததில் நெற்றியில் எண்ணெய்க் கறை. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று கழித்து, குடோனில் கிடந்த மட்டச் சரக்கு. அதில்தான் உங்களை அச்சடித்திருந்தார் அந்தத் தர்மப்பிரபு.

"ஒரு நாள் கூத்துத்தான கண்ணு. பிசிற மட்டும் வெட்டி உட்டுரு" என்றார் எங்கள் சூப்பர்வைசர்.

வழக்கம்போல ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன். மத்தியானம், சரக்கைப் பார்க்க அந்த முதலாளியே வந்தார். சட்டையில் கறுப்புப் பட்டை, வாயில் வெற்றிலை.

"ஏம்மா, எல்லாத்துலயும் ஸ்டிக்கர ஒட்டி வெச்சிருக்கற?"

"டேமேஜுங்க."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

அந்த ஆள் வாயிலிருந்தா நீங்கள் சொன்ன அந்தச் 'சொல்லு' வரவேண்டும்! நிமிர்ந்து கடைசிச் சுவரைப் பார்த்தேன். இங்கேயும் ஒரு கடிகாரம் இருக்கிறது.

"அத்தனையும் ரிஜெக்ட் பீஸுங்க. வக்கீலம்மா மூஞ்சியில ஓட்டைங்க. செத்தவங்களுக்கு இது போதும்னு நெனச்சுட்டீங்களாங்க?"

பக்கத்து மேசைகளில் கத்தரிச் சத்தம் நின்றது. அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ... அந்தப் புள்ளையில்ல?"

"ஆமாங்க. படியில விழுகாதவளோட தங்கச்சிங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெற்றிலையை மென்றபடியே அவர் வெளியேறிவிட்டார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, வக்கீலம்மா. ஸ்டிக்கர்களை உரித்துவிட்டார்கள். நாளை அதையே மாட்டிக்கொண்டு மௌன ஊர்வலம் போவார்கள். நீங்கள் இருந்தவரை உங்கள் எதிரில் வாய் திறக்க முடியாதவர்கள். மௌனம் அவர்களுக்கு நன்றாகவே வரும். நான் போகப்போவதில்லை.

என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்து, மூலையில் பனியன் மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். இங்கிருந்தும் கடிகாரம் தெரிகிறது.